கரடியின் சுண்டுவிரல்

காலை பத்தேகாலுக்குக் காற்று பாலைவனப் பக்கமிருந்து திரும்பியது. கார்ட்டூன் ஸ்டுடியோவின் மை போடும் அறையில் இருந்த பெண்கள் யாரும் சொல்லாமலே எழுந்து ஜன்னல்களை மூடினார்கள். அந்தக் காற்றில் வரும் தூசி கண்ணுக்குத் தெரியாது. செல்லுலாய்டுத் தாளுக்குத் தெரியும். அதில் ஒட்டிக்கொண்டு, திரையில் ஈ போலப் பறக்கும். ஜன்னலை மூடினால் அறை வேகும். கை வியர்க்கும். வியர்வை பட்ட இடத்தில் மை நிற்காது. அதற்குத்தான் வெள்ளைப் பருத்திக் கையுறை. பேனாவைப் பிடிக்கிற விரல்களுக்கு மட்டும் நுனியை வெட்டி விட்டிருந்தார்கள்.

மிஸ் கார்வி மேசை மேசையாகப் போய்க் கட்டுகளை வைத்தாள். மை அறைக்கு அவள்தான் தலைவி. ரோவீனா டூசெக்கின் மேசையில் வைத்த கட்டு தடிமனாக இருந்தது.

“கரடி டபுள் பாஸ் வாசிக்கிற காட்சி. முழுக்கக் கை. லைல் வரைஞ்சது, கோடு மெல்லிசு. உன்னை விட்டா வேற யார்கிட்டயும் கொடுக்க மனசு வரலை.”

“புகழ்ந்துட்டீங்களா, அப்ப வேலை அதிகம்னு அர்த்தம்.”

“தெரியுதில்ல. ஆரம்பி.”

மை போடுகிறவள் கட்டைப் புரட்டிப் பார்ப்பது வழக்கமில்லை. மேலே இருக்கிற பென்சில் படத்தை மேசை முளைகளில் மாட்டவேண்டும், அதன் மேல் கண்ணாடி போன்ற செல்லுலாய்டை மாட்டவேண்டும், கீழே தெரிகிற கோட்டின் மேலேயே மைக்கோட்டை ஓட்டவேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. ஒன்று முடிந்தால் அடுத்தது. விலங்கு எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பது மாடியில் இருக்கும் ஆண்களின் கவலை. அவள் ஒரு காலத்தில் புரட்டிப் பார்த்ததுண்டு. பிறகு விட்டுவிட்டாள். இன்றைக்கு முதல் படத்திலேயே அவள் பேனா நின்றது. கரடி தன் காதை வாத்தியத்தின் கழுத்தில் சாய்த்து இடது கண்ணை மூடியிருந்தது. வலி இருப்பவன் மூடுகிற மாதிரி இல்லை. பக்கத்து வீட்டில் யாரோ பேசுவதை ஒட்டுக்கேட்பவன் மூடுகிற மாதிரி.

அவள் கட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் வளைத்துப் பிடித்து, மெதுவாக விட்டாள். படங்கள் சரசரவென்று விழுந்தன. கரடி உயிரோடு வந்தது. இடுப்பை ஒரு பக்கம் ஒடித்து நின்றது. வில்லை வைத்துவிட்டு விரலால் கம்பியைச் சுண்டியது. இடது கை கீழே ஒரு சுரத்தைப் பிடித்திருந்தது. அடுத்த சுரம் மேலே, கைக்கு எட்டாத தூரத்தில். கரடி விரலை நீட்டவில்லை. கட்டைவிரலோடு சேர்த்து முழுக்கையையும் கம்பியிலிருந்து எடுத்தது. மதில்மேல் தாவுகிற பூனை மாதிரி கை அந்தரத்தில் போனது. போய் உட்கார்ந்தது. உட்கார்ந்த பிறகுதான் கண் திறந்தது, வந்து சேர்ந்ததில் அதற்கே ஆச்சரியம் என்பதுபோல்.

எதிர் வரிசையில் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த மேவிஸ் தலை தூக்கினாள். “என்னடி ரோ, மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி கரடியைப் பார்த்துட்டு இருக்கே?”

“பார்த்த மாப்பிள்ளைதான்.”

மேவிஸ் சிரித்தாள். அவளுக்குப் புரியவில்லை.

“பொண்ணுங்களா,” என்றாள் மிஸ் கார்வி தூரத்திலிருந்து. “வாய் நின்னா கை நகரும்.”

ரோவீனாவின் கணவன் எமில் அந்தப் படத்துக்கு, ஆளுயர வயலின் மாதிரி நிற்கும் டபுள் பாஸை வாசித்திருந்தான். ஏழு நிமிடப் படம். மழைக்குப் பயந்த விலங்குகள் ஒரு மரப்பாலத்தின் அடியில் ஒதுங்குகின்றன. பலகை இடுக்கிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக ஒரு தகரக் குவளையில் விழுகிறது. குவளையின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தவளைக்கு அது தாளமாகப் படுகிறது. கொக்கு கிளாரினெட்டை எடுக்கிறது. மூன்று வாத்துச் சகோதரிகள் பாடுகிறார்கள். மூலையில் தூங்கிக்கொண்டிருந்த கரடி கடைசியாக எழுந்து பாஸை நிமிர்த்துகிறது. பேச்சே கிடையாது. மழை நிற்கிறது, படம் முடிகிறது. மற்ற ஸ்டுடியோக்களில் படத்தை வரைந்துவிட்டு அதற்கு இசை வைப்பார்கள். இங்கே இசையமைப்பாளர் ஸாண்டரின் பிடிவாதம், இசைதான் முதல். கோடையிலேயே பதிவு முடிந்துவிட்டது. அப்போது ஒலிப்பதிவு அறையின் ஓரத்தில் ஒரு முக்காலி போட்டு லைல் உட்கார்ந்திருந்தான் என்று எமில் சொல்லியிருந்தான். மடியில் காகிதக் கட்டு வைத்திருந்தானாம். யாரை வரைந்தான் என்று எமில் கவனிக்கவில்லை.

எமிலின் இடதுகைச் சுண்டுவிரல் மூன்று வருடமாக உள்ளங்கையை நோக்கி வளைந்துகொண்டிருந்தது. முதலில் உள்ளங்கையில் ஒரு கட்டி மாதிரி வந்தது. பிறகு ஒரு நரம்பு இறுகியது. அவன் அப்பாவுக்கும் அப்படித்தான் ஆனதாம். நெப்ராஸ்காவில் உழுகிறவருக்கு அது ஒரு பொருட்டில்லை. கலப்பையைப் பிடிக்க வளைந்த விரலே போதும். இப்போது எமிலின் விரல் முழுக்க மடிந்துவிட்டது; அது எட்டாத சுரத்துக்கு முழுக்கையையும் எடுத்துத் தாவுவான். எங்கே போனாலும் இடது கையில் மடித்த கைக்குட்டை ஒன்றை வைத்திருப்பான். கைக்குட்டை பிடித்திருப்பவனின் விரல் மடிந்திருப்பதை யாரும் கேட்பதில்லை. பதிவு அறையில் பியானோவின் மூடியைத் திறந்து வைத்தால் அதன் பின்னால் நிற்பான். ஸாண்டருக்கு அவனுடைய தலையும் வலது தோளும் மட்டும் தெரியும். ஒரு ட்ரம்பெட்காரனுக்கு முன்பல் இரண்டு விழுந்தது. அடுத்த பதிவுக்கு அவன் நாற்காலியில் வேறொருவன் உட்கார்ந்திருந்தான். ஸாண்டர் கெட்டவரில்லை. இரக்கம் காட்ட அவரிடம் நேரம் இருந்ததில்லை, அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் எமில் அடுப்படியில் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தான். ஓட்டல்கள் வாத்தியக்காரர்களை நிறுத்திய பிறகு வீட்டுச் சமையல் அவனுடையதாகிவிட்டது.

“கரடி என் மேசைக்கு வந்துருச்சு,” என்றாள் ரோவீனா.

“எப்படி இருக்கான்?”

“தொப்பை.”

“பாஸ் வாசிக்கிறவன்னா தொப்பை இருக்கணும்னு எவன் சொல்லிக் கொடுத்தான் இவங்களுக்கு?” அவன் கத்திப்பிடியால் தன் ஒட்டிய வயிற்றைத் தட்டினான். “வாசிக்கவாவது தெரியுதா அவனுக்கு?”

“தெரியுது.”

அவன் சீரக வாசனை வரும்வரை கிளறினான். பிறகு, திரும்பாமலே சொன்னான்.

“ஸாண்டர் ஆறு பேரை நிரந்தரமா வச்சுக்கப் போறாராம். வருஷம் முழுக்க. அஞ்சு பேருக்குச் சொல்லியாச்சு. பாஸுக்கு மட்டும் வாயைத் திறக்கலை.”

“உன்னைத்தான் வச்சிருக்காரு, இத்தனை நாளா.”

“சான் பிரான்சிஸ்கோவிலேர்ந்து ஒரு பையன் வந்திருக்கான். பார்த்தேன். அவன் கை ஏறுறதைப் பார்த்தா எண்ணெய் தடவின மாதிரி இருக்கு.” அவன் தட்டுகளை எடுத்தான். “நான் பியானோவுக்குப் பின்னாடி நிக்கிறவரைக்கும் பயமில்லை. ஸாண்டர் காதுக்கு என்கிட்ட குறை கிடையாது. கண்ணுக்குத் தெரியாம இருந்தாப் போதும்.”

அவள் சாப்பிட்டாள். கரடியின் கை அவனுடைய கைதான் என்று சொல்லவில்லை. சொன்னால் அவன் நாளைக்கே மாடிக்குப் போய் லைலிடம் நிற்பான். லைல் ஏன் என்று கேட்பான். சொல்லாவிட்டால் அந்தக் கை திரையில் ஒரு ஆள் உயரத்துக்கு வந்து நிற்கும். படத்தை ஸாண்டர் வெள்ளோட்டத்தில்தான் பார்ப்பார், கூட்டத்தோடு கூட்டமாக. தனியாகப் பார்த்தால் படம் பொய் சொல்லும் என்பது அவர் கட்சி. பியானோ மூடியின் பின்னால் மூன்று வருடம் ஒளித்ததை, ஒரு கரடி ஊர் நடுவில் கொண்டுவந்து காட்டிவிடும்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் மாடி ஏறினாள். மை அறைப் பெண்கள் மாடிக்குப் போவதில்லை. போனால் ஏதோ காரியம் இருக்கவேண்டும். அதற்காகக் கையில் ஒரு படத்தை எடுத்துக்கொண்டாள்.

லைல் தன் மேசையிலிருந்த வட்டக் கண்ணாடியைப் பார்த்துக் கன்னங்களை உப்பிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் காற்றை விட்டான். இருபத்தைந்து வயசுக்குள்தான் இருக்கும். சட்டைமேல் டோனட் சர்க்கரை உதிர்ந்திருந்தது.

“மிஸஸ் டூசெக்! வாங்க. இது அடுத்த படத்துக்கு நீர்யானை. எனக்கு நல்லா வருது, இல்ல?”

“கொஞ்சம் கூடுதலாவே வருது.”

அவன் சிரித்து, முக்காலியிலிருந்த காகிதங்களைத் தள்ளினான். அவள் உட்காரவில்லை. படத்தை அவன் முன்னால் வைத்தாள்.

“இந்தக் கை தாவுதே. எட்டிப் பிடிக்கிற மாதிரி மாத்த முடியுமா? விரலை நீட்டி.”

“ஏன், மை போடச் சிரமமா இருக்கா?”

“இல்ல.” அவள் ஒரு காரணம் தேடினாள். “பார்க்க உடைஞ்ச மாதிரி இருக்கு.”

லைலின் முகம் விழுந்தது. அவன் படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். நிஜமாகவே எங்காவது உடைந்திருக்கிறதா என்று பார்க்கிறவன் மாதிரி நெடுநேரம் பார்த்தான்.

“இது யாருன்னு உங்களுக்குத் தெரிஞ்சுதா, தெரியலையா?”

“தெரிஞ்சுது.”

“அப்புறமுமா இப்படிச் சொல்றீங்க?” அவன் எழுந்து நின்றான். “நாலு வருஷமா நான் வாத்தியம் வாசிக்கிற மிருகமா வரைஞ்சு தள்ளிட்டு இருக்கேன். எல்லாம் சிலந்தி மாதிரி ஏறும். ஒரு விரல், அடுத்த விரல், அதுக்கடுத்த விரல். ஏன்னா நிஜ ஆளுங்க அப்படித்தான் ஏறுறாங்க. உங்க வீட்டுக்காரர் ஒருத்தர்தான் தாவுறாரு. நடுவுல எதையும் பிடிச்சுக்காம. கை ஒரு நிமிஷம் சும்மா அந்தரத்துல நிக்குது. விழுந்துரும்னு நான் அன்னிக்கு வரையறதையே நிறுத்திட்டேன். விழலை. மறுபடியும் வாசிக்கச் சொன்னாங்க, மறுபடியும் தாவினாரு, மறுபடியும் விழலை. அதுல ஒரு முனகல் வேற வருது, கேட்டிருக்கீங்களா? கம்பி முனகும். கரடி முனகுற மாதிரியே இருக்கும்.” அவன் கையை மடக்கித் தாவிக் காட்டினான். சரியாக வரவில்லை. “இதைக் கற்பனையில வரைய எனக்கு மூளை பத்தாது. பார்த்ததாலதான் வந்துச்சு.”

ரோவீனா அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எப்படி வந்துச்சு அவருக்கு? அந்தத் தாவல்?” என்று கேட்டான் லைல்.

“பழக்கம்.”

“என்ன பழக்கமோ.” அவன் படத்தைத் திருப்பிக் கொடுத்தான். “மாத்தணும்னு நீங்க சொன்னா மாத்திடறேன், நிஜமாத்தான். நீங்க சும்மா சொல்ற ஆள் இல்ல. காரணத்தை மட்டும் சொல்லுங்க.”

கீழே யாரோ பியானோவில் ஒரே கட்டையைத் தட்டித் தட்டிச் சுருதி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“காரணம் ஒண்ணும் இல்ல,” என்றாள்.

படி இறங்கும்போது அவள் பாதியில் நின்றாள். பதினோரு வருடமாக அந்தக் கைக்குப் பக்கத்தில் தூங்குகிறாள். சுண்டுவிரல் மடங்க ஆரம்பித்த நாளிலிருந்து அவள் பார்த்ததெல்லாம் சுண்டுவிரலைத்தான். வெந்நீரில் வைத்தாள், எண்ணெய் போட்டு நீவினாள், மருத்துவரிடம் கூட்டிப்போனாள். மற்ற விரல்கள் என்ன செய்துகொண்டிருந்தன என்று அவள் பார்க்கவில்லை. எதுவும் தெரியாத ஒருவன் ஒரு முக்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துவிட்டான்.

தன் மேசைக்கு வந்து, வீணாய்ப்போன செல்லுலாய்டு ஒன்றை எடுத்தாள். அதில் தாவலை எட்டிப்பிடிப்பாக மாற்றிப் போட்டுப் பார்த்தாள். அவளால் முடியும். கோட்டை இங்கே கொஞ்சம் இழுத்து, அங்கே கொஞ்சம் மடித்து, கட்டு முழுவதையும் யாருக்கும் தெரியாமல் மாற்றிவிட முடியும். சரிபார்க்கிறவர்கள் தொப்பியும் பொத்தானும் இருக்கின்றனவா என்றுதான் பார்ப்பார்கள். மை காய்ந்ததும் தூக்கிப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. விரல் நீண்டிருந்தது, கம்பியைப் பிடித்திருந்தது. ஆனால் அது யாரோ ஒரு கரடி. ஈரத் துணியால் துடைத்துவிட்டாள்.

பிறகு அவள் கோட்டை அது இருந்தபடியே போட்டாள். அதுவரை அவள் போட்ட கோடுகளில் அவ்வளவு மெதுவாக எதையும் போட்டதில்லை. மிஸ் கார்வி இரண்டு தடவை பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனாள். கை கம்பியை விடுவதற்கு முன் மணிக்கட்டு லேசாக உள்ளே வாங்கியது. கிளம்பும்போது கட்டைவிரல் கடைசியாகப் பிரிந்தது. மேலே போகும்போது விரல்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு, குளிரில் ஒண்டிய பறவைகள் மாதிரி இருந்தன. கரடிக்கு மூன்று விரலும் ஒரு கட்டைவிரலும்தான். எல்லா மிருகங்களுக்கும் அப்படித்தான். ஐந்து விரல் வரைந்தால் திரையில் வாழைச்சீப்பு மாதிரி தெரியும் என்பார்கள், தவிர ஒரு விரல் மிச்சம் என்றால் ஆயிரம் கோடு மிச்சம். எமிலின் கையில் மிஞ்சியிருந்ததும் அவ்வளவுதான். அவள் கோடு போடப் போட, அந்தக் கையில் எதுவும் குறையாகத் தெரியவில்லை. தாவலுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு இருந்தது.

கை மேலே போய் உட்கார்ந்த படத்தை முடித்து, முளையிலிருந்து எடுத்து, காய வைத்தாள். அடுத்ததைப் போட ஆரம்பித்தவள், ஏதோ தோன்றித் திரும்பிப் பார்த்தாள். விரல்களை எண்ணினாள். கட்டைவிரல், ஆள்காட்டி, நடு, மோதிரம். அதற்கப்பால் இன்னொன்று. சின்னதாக, நேராக, கம்பியின் மேல் நுனி பதிந்து. பென்சில் படத்தை அடியில் வைத்துப் பார்த்தாள். அதில் நான்குதான். ஐந்தாவதை அவள் போட்டிருந்தாள். எப்போது போட்டாள் என்று தெரியவில்லை. எத்தனையோ ஆயிரம் படத்தில் ஒரு கோடு கூட்டியதில்லை அவள்.

ஈரத் துணி பக்கத்திலேயே இருந்தது. அவள் அதைத் தொட்டாள். பிறகு கையை எடுத்துக்கொண்டு அடுத்த படத்தை மாட்டினாள்.

அடுத்த நாள் பிற்பகல் மேவிஸ் ஒரு செல்லுலாய்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

“ஏய் ரோ. உன் கரடிக்கு விரல் முளைச்சிருக்கு.”

ரோவீனா நிமிரவில்லை.

“துடைச்சிரட்டுமா? கார்வி பார்த்தா உன் தோலை உரிச்சு உப்புத் தடவும்.”

“வேணாம்.”

மேவிஸ் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தாள். செல்லுலாய்டைக் கவிழ்த்துப் போட்டு, தூரிகையைப் பழுப்புக் கிண்ணத்தில் தோய்த்தாள். “ஒரு சொட்டுப் பழுப்புதானே, போகட்டும்,” என்றாள். சுண்டுவிரலைக் கோட்டுக்கு வெளியே வழியாமல் நிரப்பினாள்.

வெள்ளோட்டம் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், அல்ஹாம்ப்ரா என்ற பக்கத்து ஊரில் ஒரு சாதாரணத் திரையரங்கில் நடந்தது. மாலைக் காட்சி. பெரிய படத்துக்கு முன்னால் இது ஓடும் என்று வந்திருந்தவர்களுக்குத் தெரியாது. எமில் தன் ஒரே நல்ல கோட்டைப் போட்டிருந்தான். இடது கையில் கைக்குட்டை. ஸாண்டர் இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தார். சின்ன உடம்பு, பெரிய தொப்பி. தொப்பியைக் கழற்றி முழங்காலில் மாட்டிக்கொண்டார். லைல் ஓரத்தில் நின்றபடி நகத்தைக் கடித்தான்.

இருட்டில் முதலில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. முன்வரிசையில் ஒரு பெண் அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள், அதற்குள் திரையில் பாலம் வந்துவிட்டது. மழையைச் சாம்பலும் நீலமுமாக யாரோ அவ்வளவு நன்றாகத் தீட்டியிருந்தார்கள். ரோவீனாவுக்குத் தன் கால் ஈரமானது போலிருந்தது. தவளை குவளையை ஒரு விரலால் தள்ளி, சொட்டு நடுவில் விழும்படி வைத்தது. கொக்கு கிளாரினெட்டை உதறித் தண்ணீரைக் கொட்டியது. வாத்துச் சகோதரிகளில் நடு வாத்துக்கு மட்டும் எப்போதும் அரைத் தாளம் பிந்தும். மற்ற இரண்டும் அதைத் திரும்பிப் பார்த்தபோது அரங்கு முழுவதும் சிரித்தது. அவள் இதெல்லாவற்றையும் துண்டு துண்டாகத் தொட்டிருக்கிறாள். வாத்தின் அலகு இரண்டு நாள் அவள் மேசையில் கிடந்தது. எல்லாம் சேர்ந்து மூச்சு விடுவதை இப்போதுதான் பார்க்கிறாள். வேலை என்பதையே மறந்து, கடலை தின்கிற பக்கத்து ஆளைப் போல அவளும் வாயைத் திறந்தபடி பார்த்தாள்.

கரடி ஒரு கண்ணைத் திறந்தது.

எமில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். கரடி இடுப்பை ஒடித்தது, காதைச் சாய்த்தது, கண்ணை மூடியது. எமிலின் கால் தரையில் தாளம் போடுவதை நிறுத்திவிட்டது. அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. கொக்கும் வாத்துகளும் நின்றன, சொட்டு மட்டும் விழுந்தது. பாஸ் தனியாக நடந்தது. கீழே, கீழே, இன்னும் கீழே. பிறகு கை கம்பியை விட்டது.

பக்கத்து ஆளின் கடலைப் பொட்டலம் சத்தமில்லாமல் நின்றது. கை அந்தரத்தில் போய்க்கொண்டே இருந்தது. கம்பி முனகியது. எங்கோ பின்னால் ஒரு பெண் “ஐயோ” என்றாள், மெதுவாக, சமையலறையில் பீங்கான் நழுவும்போது சொல்கிற மாதிரி. கை உட்கார்ந்தது. சுரம் விழுந்தது. கண் திறந்தது.

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு இல்லாத ஏதோ ஒன்று வந்தது, அதன் பிறகு கைதட்டல். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே தட்டினார்கள். வாத்துகள் மறுபடி பாட ஆரம்பித்தது யாருக்கும் கேட்கவில்லை. அந்த ஒரு படம், அவள் துடைக்காத படம், வந்ததா போனதா என்று அவளுக்கே தெரியவில்லை. இமை மூடித் திறக்கிற நேரத்தைவிடக் குறைவு. ஸாண்டரின் தலை அசையவில்லை. முழங்காலில் தொப்பி மட்டும் சற்றுச் சாய்ந்திருந்தது.

பெரிய படத்துக்கு அவர்கள் இருக்கவில்லை. வெளிக்கூடத்தில் லைல் யார் யாரோ கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தான். எமிலைக் கண்டதும் ஓடிவந்து அவன் கோட்டுக் காலரைச் சரிசெய்துவிட்டுப் போனான். ஸாண்டர் கடைசியாக வந்தார். எமில் வலது கையை நீட்டினான். ஸாண்டர் இடது கையை நீட்டினார்.

எமில் நின்றான். பிறகு கைக்குட்டையைச் சட்டைப் பையில் வைத்துவிட்டு இடது கையைக் கொடுத்தான். ஸாண்டர் அதைக் குலுக்கவில்லை. பிடித்துக்கொண்டார். அவருடைய கட்டைவிரல் மடிந்த விரலின் மேல் போய், கம்பியின் இறுக்கம் பார்ப்பதுபோல் ஒரு தடவை அழுத்தியது.

“எத்தனை நாளா?”

“மூணு வருஷமா, சார்.”

“அந்த முனகல். நீ வேணும்னே பண்றேன்னு நினைச்சேன்.”

“இல்ல சார்.”

“அதான் நல்லா இருந்துச்சு.” ஸாண்டர் ரோவீனாவைப் பார்த்துத் தலையசைத்தார். “கோடு நீங்களா?”

“ஆமா.”

அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டார். அது காதுவரை இறங்கியது. “திங்கக்கிழமை என் அறைக்கு வா, எமில். கைக்குட்டையை வீட்டிலேயே வச்சுட்டு வா.”

கதவு அவருக்குப் பின்னால் இரண்டு தடவை ஆடி நின்றது. எமில் அவர் போன பக்கமே பார்த்தான். அந்தக் குரலில் என்ன இருந்தது என்று ரோவீனா யோசித்தாள். ட்ரம்பெட்காரனையும் அவர் அறைக்குத்தான் கூப்பிட்டிருந்தார்.

சிவப்பு டிராம் பாதி காலியாக வந்தது. ஜன்னலோரம் அவள் உட்கார்ந்தாள். எமில் பக்கத்தில் உட்கார்ந்து, முன் இருக்கையின் பித்தளைக் கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டான். கைக்குட்டை இல்லாமல். எதிரே இருந்த கிழவர் அந்தக் கையைப் பார்த்தார், பிறகு செய்தித்தாளுக்குத் திரும்பினார். ஆரஞ்சுத் தோட்டங்களில் பனியில் காய்கள் கருகாமலிருக்க ஏற்றிவைத்த எண்ணெய்ச் சட்டிகள் வரிசையாக எரிந்தன. எமிலின் நான்கு விரல்கள் கம்பியின் மேல் ஏதோ ஒரு தாளத்தைத் தேடின, விட்டன, மறுபடி தேடின.

“ரோ,” என்றான். “கை மேல போய் உட்கார்ந்துச்சே, அப்ப... அஞ்சு விரல் இருந்துச்சா, இல்ல எனக்குத்தான் அப்படித் தெரிஞ்சுதா?”